ஆகாயத்திலிருந்து ஒத்தாசை

ஒவ்வொரு போர்முனையிலும் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகிய மூன்றையும் ஒரே தளபதியின் ஆணைக்குள் கொண்டுவர உத்தேசிக்கும் ‘தியேட்டர் கமாண்டு’ ஏற்பாட்டைப் பற்றி நமது ராணுவ வட்டாரங்களில் பல வருஷங்களாக வாதப் பிரதிவாதங்கள் நடந்து வருகின்றன. 2021-ம் வருஷம் ஜூலை மாதம் 2-ந் தேதி, அப்போது முப்படைகளின் தலைமைத் தளபதியாயிருந்த காலஞ்சென்ற ஜெனரல் விபின் ராவத், ஆகாயப்படையானது தரைப்படைக்கு உதவியாக நிற்கும் ஓர் அங்கமே என்றும், பீரங்கிப் படையும் இஞ்சினீயர் படையும் எப்படியோ அப்படியே அதுவும் என்றும் கருத்துத் தெரிவித்தார். ஆகாயப்படைத் தலைவர் பதௌரியா அன்றைய தினமே அதை மறுத்தார். தமது படையின் வேலை வெறும் ஒத்தாசையோடு முடிவதன்று என்பது அவர் கட்சி. அது முதல் பத்திரிகைகளும் ஓய்வுபெற்ற சேனாபதிகளும் இரு பக்கமும் அணிவகுத்து நின்று எழுதிவருகிறார்கள்.

‘உதவி’ என்ற ஒரு சொல் இவ்வளவு ரோஷத்தை விளைவிப்பானேன்? அந்தச் சொல்லுக்கு நம் தேசத்தில் ஒரு பூர்வோத்தரம் உண்டு. அதை அறியாமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப் புகுவது ஆவணத்தைப் பாராமல் நிலத்துக்கு எல்லை வகுப்பது போலாகும். ஆகவே, இந்திய ஆகாயப்படையின் முதல் ஸ்குவாட்ரன் எதற்காகப் பிறந்தது, என்ன செய்தது என்பதை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பட்டாளத்தில் இந்தியருக்கு உத்தியோகஸ்தர் பதவி அளிப்பதைப் பற்றி ஆராய 1925-ம் வருஷத்தில் ஸ்கீன் கமிட்டி நியமிக்கப்பட்டது. பண்டித மோதிலால் நேருவும் ஜனாப் ஜின்னாவும் அதில் அங்கத்தினர். ஆகாயப்படையின் கதவும் இந்தியருக்குத் திறக்கப்பட வேண்டும் என்னும் யோசனை அதன் மூலமே உருப்பெற்றது. சில இளைஞர்கள் இங்கிலாந்தில் கிரான்வெல் கலாசாலைக்கு அனுப்பப்பட்டனர். 1932-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி இந்திய ஆகாயப்படைச் சட்டம் அமுலுக்கு வந்தது. 1933-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி கராச்சி டிரிக் ரோட் தளத்தில் முதல் ஸ்குவாட்ரனின் முதற் பிரிவு தோன்றியது. அதற்கு இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். ஹரிஷ் சந்திர ஸர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், அவான், அமர்ஜித் சிங் என்னும் ஐந்து விமானிகள். ‘ஹவாய் சிப்பாய்’ என்று அழைக்கப்பட்ட 19 தொழிலாளர்கள். தலைவர் பௌச்சியர் என்னும் ஆங்கிலேயர். வாபிட்டி என்பது இரட்டை இறக்கை கொண்டு, விமானியும் துப்பாக்கிக்காரரும் திறந்த குழியில் அமர்ந்து செல்லும் விமானம். முந்திய மாதிரி விமானங்களின் உறுப்புகள் மிச்சமிருந்தன என்பதால் அவற்றையே கூடியமட்டும் உபயோகித்துக் கட்டப்பட்டது.

இந்தச் சிறு படைக்குச் சூட்டப்பட்ட பெயரே நாம் கவனிக்க வேண்டியது. சண்டை விமானப் படை என்றோ குண்டு வீச்சுப் படை என்றோ அதை அழைக்கவில்லை. ‘சேனையுடன் ஒத்துழைக்கும் ஸ்குவாட்ரன்’ என்றே வகுத்தார்கள். பட்டாளம் மலைவழியே செல்லும்போது முன்னே பறந்து பார்ப்பது, பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறதென்று சொல்வது, தாக்கப்பட்ட காவலுக்கு மேலிருந்து துணை நிற்பது ஆகியவையே அதற்கு ஏற்பட்ட வேலைகள். ஆகாயத்தில் தனித்து ஆதிக்கம் செலுத்தும் பொறுப்பை பிரிட்டிஷார் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். வளர்ச்சியும் அதற்கேற்ற நிதானத்தில் நடந்தது. இரண்டாவது பிரிவு அமைக்க மூன்று வருஷங்களாயின. மூன்றாவது பிரிவு 1938-ல் வந்தது. 1939-ல் உலக யுத்தம் மூண்டபோது இந்திய ஆகாயப்படை என்பது இந்த ஒரே ஸ்குவாட்ரன்தான். அதன் முழுப் பலம் 16 உத்தியோகஸ்தர்களும் 662 பேர்களுமே. முப்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த தேசத்துக்கு இவ்வளவுதான்! ‘உதவி’ என்ற சொல் இன்றும் ஆகாயப்படையாரின் செவியில் முள்ளாய்க் குத்துவதற்கு இந்த ஆரம்பமே காரணம் என்று நினைக்கிறோம்.

அந்தப் படை முதலில் யாருக்கு எதிராகப் பறந்தது என்பது இன்னும் கசப்பான விஷயம். 1930-ம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அது எல்லைப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, வட வஜீரிஸ்தானத்தில் மீரான்ஷா கோட்டையிலிருந்து வேலை செய்தது. இப்பி பக்கீரின் கலகத்தை அடக்கச் சென்ற பட்டாளங்களுக்கு அது கண்ணாகவும் சில வேளைகளில் கையாகவும் இருந்தது. எல்லைப்புறத்தில் பிரிட்டிஷார் அனுஷ்டித்த முறை எல்லோரும் அறிந்ததே. இன்ன தேதிக்குள் கிராமத்தைக் காலி செய்யுங்கள் என்று துண்டுக் காகிதங்களை விமானத்திலிருந்து வீசுவார்கள். தவணை கடந்ததும் குண்டு விழும். மண்சுவரும் தானியக் குதிரும் ஆட்டுப்பட்டியும் நாசமாகும். விமானிகள் தங்கள் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள். கீழே விழ நேர்ந்தால், தம்மை அங்கஹீனம் செய்யாமல் ஒப்படைப்பவர்க்கு வெகுமதி உண்டென்று பிராந்திய பாஷையில் எழுதியிருக்கும். மத்திய சட்டசபையில் நமது பிரதிநிதிகள் இந்தக் குண்டு வீச்சைக் கண்டித்துப் பேசிய காலத்தில், அதே மலைகளுக்கு மேல் நமது இளைஞர்களே பறந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே ஜினீவா ஆயுதக் குறைப்பு மகாநாட்டை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1933-ம் வருஷம் மார்ச் மாதம் 16-ந் தேதி பிரதம மந்திரி மக்டொனால்டு அங்கே ஓர் ஒப்பந்த நகலைச் சமர்ப்பித்தார். ஆகாயத்திலிருந்து குண்டு வீசுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று அதன் 34-வது ஷரத்து சொல்லிற்று. ஆனால் அதே ஷரத்தில் ஒரு விலக்கும் இருந்தது: தூரப் பிரதேசங்களில் போலீஸ் காரியங்களுக்காக வீசப்படும் குண்டுகள் அந்தத் தடையில் சேரா. கோர்ட்டுகளில் பழகியவர்கள் எந்தச் சட்டத்திலும் விதியை விட்டு விலக்கையே முதலில் படிப்பார்கள். ஐரோப்பாவில் பட்டணங்களின்மேல் குண்டு விழலாகாது. வஜீரிஸ்தானத்துக் கிராமத்தின்மேல் விழலாம் என்பதே அந்த விலக்கின் பொருள். அந்த நகல் சமர்ப்பிக்கப்பட்ட பதினாறாம் நாள் கராச்சியில் நமது முதல் ஸ்குவாட்ரன் தோன்றியது.

இனி, அந்த ஸ்குவாட்ரனின் தொழில் நுட்பத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தரைக்கு ஒத்தாசை செய்வது குண்டு போடுவதைவிடப் பேசுவதைப் பொறுத்த தொழில். ரேடியோ சரிவர இல்லாத அந்தக் காலத்தில், கீழேயிருந்த சிப்பாய்கள் வெள்ளைத் துணிப் பட்டைகளைத் தரையில் பரப்பி, அவற்றை இப்படியும் அப்படியும் மடித்து விமானத்துக்குச் சேதி சொன்னார்கள். எழுத்து மூலமான சேதியாயின், இரண்டு கம்புகளுக்கு இடையே கயிறு கட்டி அதில் பையைத் தொங்கவிடுவார்கள். விமானம் தாழப் பறந்து, அடியில் தொங்கும் கொக்கியால் அதை வாரிக்கொண்டு போகும். விமானி பதில் எழுதிப் பைக்குள் வைத்து வீசுவார். எதிரி எது, நம்மவர் எது என்பதை நூறு கெஜ உயரத்திலிருந்து கண்டுபிடிக்கும் பழக்கம் வெறும் தைரியத்தால் வருவதன்று. கீழே நிற்கும் பட்டாளத்தோடு ஒன்றாய் உண்டு உறங்கி, அதன் நடையையும் வழக்கத்தையும் அறிந்தவனுக்கே வரும். இந்தப் பாடத்தில் நமது முதல் ஸ்குவாட்ரன் தேர்ச்சி பெற்றது. 1939-ம் வருஷம் மார்ச் மாதத்தில் சுப்ரதோ முகர்ஜி அதன் தலைமையை ஏற்றார். ஒரு ஸ்குவாட்ரனுக்கு இந்தியர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் தடவை.

1941-ம் வருஷம் நவம்பரில் இப்படைக்கு லைசாண்டர் விமானங்கள் 12 கிடைத்தன. கொடுத்தது சர்க்காரின் கஜானா என்று எண்ணிவிட வேண்டாம். பம்பாய் யுத்த நன்கொடை நிதி, அதாவது நம்மவர் பணம். லைசாண்டர், சேனைக்கு ஒத்தாசை செய்வதற்கென்றே கட்டப்பட்டது; சிறு மைதானத்திலும் இறங்கும், மெல்லப் பறக்கும். மெல்லப் பறப்பதே அதற்கு எமனாய் முடிந்தது. 1940-ல் பிரான்ஸில் ஜெர்மானிய சண்டை விமானங்களின் முன் நூற்றுக்கு மேற்பட்ட லைசாண்டர்கள் அழிந்துபோயின. ஐரோப்பாவில் உதவாதென்று அனுபவத்தில் கண்ட பொருள் அடுத்த வருஷம் நமது விமானிகளின் கையில் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டும் அவர்கள் செய்த காரியம் வியக்கத்தக்கது. 1942-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி முதல் ஸ்குவாட்ரன் பர்மாவில் தௌங்கு தளத்தில் இறங்கியது. உடனேயே ஜப்பானியர் அத்தளத்தைத் தாக்கினர். தலைவர் மஜும்தார், வேவு பார்க்கவே ஏற்பட்ட லைசாண்டரில் 250 ராத்தல் குண்டுகள் இரண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சயாம் எல்லைக்குள் இருந்த ஜப்பானிய தளத்தின்மேல் போய்ப் போட்டுத் திரும்பினார். அடுத்த நாட்களில் முழு ஸ்குவாட்ரனும் அவ்வாறே சென்றது. பர்மா கைவிட்டுப் போனதை அது தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. எனினும், இந்தியர் தலைமையில் இந்தியரே பராமரித்த விமானங்கள் நேர்நின்று பொரும் என்பது அங்கே ருசுவாயிற்று. மஜும்தார் பின்னர் நார்மண்டிச் சண்டையிலும் பறந்தார். 1945-ம் வருஷம் பிப்ரவரியில் லாகூரில் விமான விபத்தில் மாண்டார்.

1944-ம் வருஷத்து இம்பால் சண்டையே இந்த ஸ்குவாட்ரனின் சரித்திரத்தில் சிகரம். 25 வயது நிரம்பாத அர்ஜன் சிங் அதன் தலைவர். விமானங்கள் ஹரிக்கேன், ஆகாயச் சண்டைக்கு அக்காலத்தில் பழையதாகிவிட்ட மாதிரி. பிப்ரவரியில் படை இம்பால் சேர்ந்தது. மார்ச் மாதத்தில் முடகுச்சியின் ஜப்பானிய சேனை சிந்துவின் நதியைக் கடந்து வந்து, மாத முடிவில் கோஹிமா ரஸ்தாவைத் துண்டித்தது. அது முதல் ஜூன் 22-ந் தேதி ரஸ்தா திறக்கும்வரை, இம்பால் சமவெளியில் இருந்த சேனைக்கு அரிசியும் வெடிமருந்தும் ஆகாய வழியாகவே வந்தன. முதல் ஸ்குவாட்ரன் முற்றுகைக்குள்ளேயே தங்கிப் பறந்தது. இரண்டிரண்டு விமானங்களாகப் போவது வழக்கம். ஒருவர் தரையையே உற்று நோக்குவார். மற்றவர் பின்னே வளைந்து வளைந்து பறந்து எதிரி விமானம் வருகிறதா என்று காவல் பார்ப்பார். மூங்கிற்காட்டுக்குள் புதிதாய் மிதிபட்ட பாதை, ஆற்றங்கரையில் நேற்று இல்லாத ஓடம், சமையற் புகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து சேனாபதியிடம் சொல்வார்கள். மழைக்காலம் வந்து மேகம் மலைமேல் படுத்த பிறகும் இது நிற்கவில்லை. மவுண்ட்பேட்டன் நேரில் வந்து அர்ஜன் சிங்கின் மார்பில் பதக்கத்தைச் சூட்டினார்.

இம்பாலைப் பற்றி எழுதும் தேசிய பத்திரிகை ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போக முடியாது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பட்டாளங்களும் அங்கே ஜப்பானியர் பக்கத்தில் நின்றன. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்த ராணுவம் அது. ஆகாயத்திலும் இந்தியர், காட்டுக்குள்ளும் இந்தியர்! அர்ஜன் சிங்கும் அவர் தோழர்களும் தேசத்தின் வாசலைக் காத்தவர்களே என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. காட்டில் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டவர்கள் தேசத்துக்காகவே மாண்டார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. இரு தரப்பாரையும் அந்த இடத்தில் எதிரெதிராய்க் கொண்டு நிறுத்தியது அவர்களுடைய சம்மதம் பெறாத ஓர் ஆட்சி. விமானியின் கையில் இருந்தது விசை மட்டுமே. எங்கே, யார்மேல் என்பதைத் தீர்மானித்த அதிகாரம் லண்டனில் இருந்தது.

அந்த அதிகாரம் 1947-ல் நம் கைக்கு வந்தது. பிரிவினையில் மீரான்ஷாவும் கோஹாட்டும் பெஷாவரும் டிரிக் ரோடும் பாகிஸ்தானுக்குப் போயின. முதல் ஸ்குவாட்ரனும் கலைந்தது. 1953-ல் 15-வது ஸ்குவாட்ரனுக்கு அந்த எண்ணைச் சூட்டி மீண்டும் உயிர்ப்பித்தார்கள். 1954-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, கராச்சியில் அது பிறந்து சரியாக 21 வருஷங்கள் கழித்து, சுப்ரதோ முகர்ஜி ஆகாயப்படையின் முதல் இந்தியத் தலைவரானார். ஸ்குவாட்ரன் பின்னர் மிஸ்டேர் விமானத்தில் 1965-ல் சர்கோதா சென்றது. அதற்கப்பால் மிராஜ் 2000 பெற்று குவாலியரில் அமர்ந்தது. தரைக்கு ஒத்தாசை என்ற பழைய பெயர் அதைவிட்டு என்றோ நீங்கிவிட்டது. வேலை மட்டும் வேறு ஸ்குவாட்ரன்களிடம் தொடர்ந்தது.

அந்த வேலை சுதந்திர இந்தியாவில் எப்படி நடந்தது? 1947-ம் வருஷம் அக்டோபர் இறுதியில் ஸ்ரீநகரை நெருங்கிய படையெடுப்பாளர்மேல் ஸ்பிட்பயர்களும், பின்னர் டெம்பெஸ்டுகளும் பாய்ந்தன. நவம்பர் 7-ந் தேதி ஷாலாடெங்கில் தரையும் ஆகாயமும் சேர்ந்தே வெற்றி கண்டன. 1962-ல் சீனர் இறங்கி வந்தபோதோ சண்டை விமானம் ஒன்றுகூடப் பறக்க உத்தரவாகவில்லை. 1965-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி சம்ப் பிரதேசத்தில் பாகிஸ்தான் டாங்கிகள் அதிகாலையில் புகுந்தன. ஆகாய உதவிக்கு ராணுவ மந்திரியின் அனுமதி கிடைத்து, பதான்கோட்டிலிருந்து முதல் விமானங்கள் கிளம்பியது மாலை ஐந்து மணிக்குப் பிறகு. வந்தவை பழைய வாம்பயர்கள். அவற்றில் நான்கு வீழ்ந்தன. மங்கும் வெளிச்சத்தில் நமது துருப்புகளின்மேலேயே சில தாக்குதல்கள் நிகழ்ந்தன. கீழிருந்து சொல்லவும் மேலிருந்து கேட்கவும் ஒழுங்கான ஏற்பாடில்லாததன் பலன் இது. வெள்ளைத் துணியும் கொக்கியும் கொண்டு மீரான்ஷாவில் செய்த காரியம் ரேடியோ வந்தபின் சம்பில் இயலாமற்போயிற்று.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1971-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி விடியற்காலையில், லொங்கேவாலாவில் சுமார் 120 பேர் கொண்ட ஒரு கம்பெனி இரவெல்லாம் டாங்கிகளை எதிர்த்து நின்றது. ஜெய்சால்மரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கு இரவில் பார்வை இல்லை, விடிந்ததும் வந்தன. அவற்றுக்கு வழிகாட்டியவர் மேஜர் ஆத்மா சிங் என்னும் தரைப்படை உத்தியோகஸ்தர். சிறிய கிருஷக் விமானத்தில் மணல்மேட்டுக்குச் சற்று மேலே சுற்றிக்கொண்டு, டாங்கிகள் நிற்குமிடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார். தரைப்படைக்காரர் ஆகாயத்தில் இருந்து ஆகாயப்படைக்காரருக்குச் சொல்ல, அவர் கேட்டார். யார் யாருக்கு உதவி என்ற கேள்வி அன்று காலையில் அங்கே யாருக்கும் எழுந்திராது. 1999-ல் கார்கிலில் மறுபடியும் தாமதமும் தகராறும். தரைப்படை ஹெலிகாப்டர் கேட்டது. மந்திரிசபையின் அனுமதி வேண்டும் என்றது ஆகாயப்படை. அனுமதி வந்து மே 26-ந் தேதிதான் தாக்குதல் ஆரம்பமாயிற்று. அடுத்த இரண்டு நாட்களுக்குள் இரண்டு சண்டை விமானங்களையும் ஒரு ஹெலிகாப்டரையும் இழந்தோம்.

கார்கிலில் ஆகாயப்படையார் மந்திரிசபையின் உத்தரவு கேட்டதைப் பிடிவாதம் என்று பலர் பழித்தனர். நாம் பழிக்கமாட்டோம். ஏனென்றால், கேளாமற் செய்த ஒரு காரியம் நம் சரித்திரத்தில் உண்டு. அல்லது, கேட்டுச் செய்தும் கேட்டது யாரென்று ஜனங்களுக்குச் சொல்லப்படாத காரியம். 1966-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி மிஜோ மலையில் ஐசால் பட்டணத்தின்மேல் இந்திய ஆகாயப்படையின் விமானங்கள் குண்டு வீசின. அங்கே கலகம் மூண்டிருந்தது உண்மை. அஸ்ஸாம் ரைபிள்ஸ் காவல் முற்றுகையில் சிக்கியிருந்ததும் உண்மை. ஆயினும் எரிந்தது நமது பிரஜைகளின் கடைவீதியும் வீடுகளும். விமானங்கள் ஆட்களையும் சாமான்களையும் போடவே சென்றன என்று அப்போது டெல்லி சொல்லிற்று. அஸ்ஸாம் சட்டசபை அங்கத்தினர் இருவர் நேரில் போய்ப் பார்த்து வந்து சபையில் முழங்கிய பிறகும் சர்க்கார் வாய் திறக்கவில்லை. ஒரு கூட்டத்தைக் கலைக்கப் பட்டாளத்தை அழைத்தால் இயன்ற அளவு குறைந்த பலத்தையே உபயோகிக்க வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் இயன்ற அளவு குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும் என்பது நமது கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் கொள்கை. அந்த அளவை ஆகாயத்திலிருந்து அளப்பது எப்படி? ஜினீவாவில் மக்டொனால்டு செருகிய ‘தூரப் பிரதேசம்’ என்ற விலக்கை, ஒரு தலைமுறைக்குப்பின் நாமே நமது தூரப் பிரதேசம் ஒன்றில் எடுத்துக்கையாண்டோம் என்று சொன்னால் அதை மறுப்பதற்கு வழி தெரியவில்லை.

எனவே, ஆகாயப்படை துணைப்படையா தனிப்படையா என்னும் சச்சரவு எமக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. இம்பாலில் பறந்தது துணைப்படைதான். அதனால் அதன் கீர்த்தி குறைந்ததா? தியேட்டர் கமாண்டுக்கு முன்னோடியாகப் பார்லிமெண்டு 2023-ல் நிறைவேற்றிய சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். கூட்டு அமைப்பின் தளபதி, தம் கீழுள்ள மூன்று படையினர்மேலும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதே அதன் சாரம். அவசியமான சட்டந்தான். ஆனால் குண்டு எங்கே விழவேண்டும் என்று யார் கேட்பது, யார் மறுக்கலாம், யார் பிறகு பதில் சொல்வது என்பவை அதன் எல்லைக்குள் வரவில்லை.

தியேட்டர் கமாண்டு பற்றிய பிரேரணை பார்லிமெண்டின் முன் எந்த ரூபத்தில் வந்தாலும் நமது அங்கத்தினர்கள் ராணுவ மந்திரியிடம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கேட்டு வாங்கவேண்டும். 1965 செப்டம்பர் 1-ந் தேதி காலை முதல் மாலை வரை சம்பில் வீணான பொழுது புதிய ஏற்பாட்டில் எத்தனை நிமிஷமாகக் குறையும், கீழே நிற்கும் கம்பெனித் தளபதியின் குரல் மேலே பறப்பவர் காதில் எவ்வழியாக விழும் என்பது ஒன்று. தேசத்தின் எல்லைக்குள் இருக்கும் எந்த ஊரின்மேலாவது ஆயுதந்தாங்கிய விமானம் செல்ல நேர்ந்தால், அந்த உத்தரவில் எந்த மந்திரியின் கையெழுத்து இருக்கும், எத்தனை நாட்களுக்குள் அது சபையின் மேஜைமேல் வைக்கப்படும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எழுத்து மூலமான பதில் வரும்வரை மசோதாவுக்குச் சம்மதம் அளிக்கலாகாது.